உயிருடன் வெளியேறியவர்கள்

தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள் மேடம். ஆறினால் அது வெறும் பழுப்புத் தண்ணீர். நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்; எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான்.

இந்த முதியோர் இல்லத்தில் பதிவேடு எழுதுவது என் வேலை. இங்கே இருப்பவர்கள் எந்த வயதுவரை வாழ்கிறார்கள் என்று ஆண்டுதோறும் வரைபடத்தாளில் ஒரு கோடு வரைந்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவோம். ஒரு சாவுக்குக் கோடு ஒரு படி இறங்கும். எண்பதைத் தாண்டியதும் எங்கள் கோடு மடமடவென்று சரிந்தது. இன்னொரு ஆண்டும் இப்படியென்றால் உரிமம் ரத்து என்று எழுதினீர்கள். அறுபது பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

முதலில் என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டேன். எண்பது வயதில் இங்கே வந்தவரைப் பிறந்ததிலிருந்து எங்களிடம் இருந்தவர்போல் எண்ணக் கூடாது. எழுபதில் இறந்தவர் எங்கள் வாசலையே மிதித்திருக்க மாட்டாரே! வந்த வயதிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அடுத்தது, பாதியில் கிளம்பியவர்கள். மகனுடன் போனவர் எப்போது இறந்தார் என்று தெரியாது; போன நாள்வரை உயிரோடு இருந்தார் என்பது தெரியும். அந்த நாளோடு அவரை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடுவோம். கோடு இறங்காது. அழகான முறை. ஒரே நிபந்தனை, போகிறவரும் இருக்கிறவர்களைப் போன்ற உடல்நிலையில் இருக்க வேண்டும்.

ஒருநாள் தலைமை நர்ஸ் மூன்றாம் கட்டிலைக் காட்டி, "அண்ணே, தண்ணிகூட இறங்கல. ரெண்டு நாள் தாங்கினா பெருசு," என்றாள். அவள் சொன்னால் தப்பாது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

அவரை மகன் வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்து அந்த நிலைக்கு வந்தவர்களுக்குச் சொந்தமென்று யாரும் இல்லை. இல்லத்து வேன் இருந்தது. இந்த நகரத்தில் பதினெட்டுப் பேருந்து நிறுத்தங்களுக்குக் கூரை உண்டு. கையில் கட்டிய பெயர்ச்சீட்டைக் கழற்றிக்கொள்வேன். அது இல்லத்தின் பொருள். போர்வையும் தண்ணீர்ப் பாட்டிலும் என் கையால் வைப்பேன். ஒருவரைக்கூடத் தரையில் கிடத்தியதில்லை.

"பதினொரு மாசமா ஒரு சாவு இல்ல. எமனுக்கு லீவு குடுத்துட்டீங்களாண்ணே?" என்று நர்ஸ் சிரித்தாள். அவள் கண் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்கு எத்தனை நாள் என்று என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நானே கட்டில் கட்டிலாகப் பார்த்துக் கணிக்கப் பழகினேன். சில சமயம் தவறியிருக்கலாம்.

ஏழாம் கட்டில் என் அக்கா. எண்பத்தொன்று. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"எங்கடா கூட்டிட்டுப் போறே?"

"வீட்டுக்குக்கா."

"எந்த வீட்டுக்கு? அதைத்தான் வித்துத் தின்னுட்டியே."

வேனில் ஏறும்போதும் அவளுக்குக் கிண்டல் குறையவில்லை. இரண்டு நாளாக அவள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துத்தான் முடிவுசெய்தேன். பல்வலி என்று நர்ஸ் பிறகு சொன்னாள். அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் மூன்று நாள் இருந்தாளாம், கேட்டவர்களிடமெல்லாம் "தம்பி வருவான்" என்றாளாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

பதிவேட்டைப் பாருங்கள் மேடம். ஏழாம் கட்டில், வயது எண்பத்தொன்று, உயிருடன் வெளியேறினார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

கோட்டை எப்படி நிமிர்த்தினேன் என்றுதானே கேட்டீர்கள். இறக்கப்போகிறவரை, இறப்பதற்கு முன் வெளியே வைத்துவிட வேண்டும். பிறகு கோடு இறங்குவதே இல்லை.