சம்பந்தியின் மூச்சு

வடை நன்றாக இருந்தது என்று வந்தவர்கள் எல்லோருமே சொன்னார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மகன் லவனின் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கிற யாருக்கும் இப்போது வடை ஞாபகத்தில் இல்லை. ஹேர்னிங்கில் ஒரு விளையாட்டு மண்டபத்தை எடுத்திருந்தோம். தரையில் கிடந்த கைப்பந்துக் கோடுகளுக்கு மேல் சிவப்புக் கம்பளம் விரித்து, கோல் கம்பங்கள் நின்ற இடத்தில் மணவறை போட்டு, அதைக் கோயிலாகவே மாற்றிவிட்டோம். அன்று காலையிலிருந்தே எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அறுபது வயதில் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன் என்றால் பாருங்கள்.

நீங்கள் உங்கள் பொலிஸ் விசாரணையை டேனிஷிலேயே நடத்தலாம், ஜோனாஸ். இந்த நாட்டில் தாதியாக வேலை செய்தே நான் கிழவியானேன், உங்கள் மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மொழிபெயர்க்க யதுர்சன் தம்பி வேண்டும் என்று கேட்டது நான்தான். சில விஷயங்களைத் தமிழில் சொன்னால்தான் அவற்றின் நியாயம் தெரியும். துடக்கு, சாவீட்டுத் தீட்டு, என்றால் என்னவென்று தம்பி உங்களுக்கு விளக்குவார். தகப்பன் செத்தால், அந்த வீட்டில் ஆட்டைத் திவசம் முடியும்வரை கலியாணம் இல்லை. ஒரு முழு வருடம்.

லவனுக்கு முன்பும் ஒருமுறை எல்லாம் ஒழுங்காகியிருந்தது. கலியாண அட்டை அடித்து, கூறைச் சேலையும் எடுத்தபிறகு என் கணவர் கண்ணை மூடிவிட்டார். ஒரு வருடம் பொறுக்கச் சொன்னோம். கிருசாந்தி என்ற அந்தப் பிள்ளை பொறுக்காமல் ஒஸ்லோவில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு என் மகன் சிரித்ததை நான் காணவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவான், டிவி நின்றிருந்தாலும் பார்ப்பான். பிறகுதான் சாரங்கி வந்தாள். அவன் ஒருநாள் குளியலறையில் பாடுவது கேட்டு, நான் சமையலறையில் அகப்பையோடு நின்று தனியாக ஆடினேன். அந்தச் சந்தோஷத்தை நீங்கள் அனுபவித்ததில்லை என்றால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்குவது கஷ்டம்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் சாரங்கியின் தாய் மலர் பிராண்டேயிலிருந்து போன் எடுத்தாள்.

"ஞானேஸக்கா, இவர் ரெண்டு மூண்டு நாளா இருமுறார். இப்ப மூச்செடுக்கவும் கஷ்டப்படுறார். டொக்டருக்கு அடிக்கட்டோ?"

"பொறுங்கோ மலர், நான் வந்து பாக்கிறன்."

காரை எடுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒருவருடைய சுவாசத்தைப் பார்க்கிறதென்றால் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். என் சம்பந்தி நித்தியானந்தன் அண்ணை சோபாவின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னுக்குச் சாய்ந்து இருந்தார். மூச்சுக்கு மூச்சு கழுத்து நரம்புகள் எழும்பின. மூக்குத்துவாரம் விரிந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல். "சம்பந்தி... தேத்தண்ணி... குடிச்சிட்டு... போங்கோ" என்றார். ஒரு தேத்தண்ணிக்கு நாலு மூச்சு. வாசலில் நின்றே எனக்கு விளங்கிவிட்டது.

மூச்சை எண்ணும்போது, எண்ணுகிறோம் என்று ஆளுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சில் வைத்து எண்ணுவோம். படிக்கும்போதே சொல்லித் தருகிற சின்னப் பொய் அது. அவருடைய கையைப் பிடித்தேன். முப்பத்துநாலு வந்தது, இருபதைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். முதுகில் குழாயை வைத்துக் கேட்டால், அடிப்பக்கம் இரண்டிலும் தூரத்துச் சமையலறையில் கடுகு வெடிப்பது மாதிரி. ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டும் கருவி எண்பத்துமூன்று காட்டியது. மலர் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அது குறைவெல்லோ அக்கா?"

"விரல் குளிர்ந்து கிடக்கு, அதால பிழையாக் காட்டுது. வெறும் சளிதான் மலர். நெஞ்சு துப்பரவா இருக்கு."

குளிர்ந்த விரலில் அது பிழையாகக் காட்டும் என்பது உண்மைதான், நீங்கள் எந்த டொக்டரிடமும் கேட்கலாம். அண்ணையின் விரல் காய்ச்சலில் சுட்டுக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். மலர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "நீங்கள் சொன்னாக் காணும் அக்கா" என்றாள். நித்தியானந்தன் அண்ணை மட்டும் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"சம்பந்தி... நாளைக்கு... நான் இருப்பனோ?"

"மணவறையில இருக்கத்தானே வேணும் அண்ணை."

அவர் சிரித்தார், சிரித்து இருமினார். நானும் சிரித்தேன். அவரை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் பிழைத்திருப்பார். ஒட்சிசனும் ஊசி மருந்தும் கொடுத்தால் அந்த வயதில் தேறி வருவார்கள், எத்தனையோ பேரை நானே தேற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் தகப்பன் கட்டிலில் கிடக்கக் கலியாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லியிருப்பாள் மலர். தள்ளிப்போட்ட இடத்தில் ஏதும் நடந்தால் ஒரு வருடம். நான் தராசின் ஒரு பக்கத்தில் 'பெரும்பாலும்' என்பதை வைத்தேன், மற்றப் பக்கத்தில் என் பிள்ளையின் சிரிப்பை வைத்தேன். நீங்களும் ஒரு தகப்பன் என்று தம்பி சொன்னார்.

அடுத்தநாள் அவரை உயரமான கதிரையில், முதுகுக்குத் தலையணை கொடுத்து இருத்தினேன். அப்படி இருந்தால் நெஞ்சு கொஞ்சம் விரியும். உதட்டுக்கு என் லிப்ஸ்டிக்கில் ஒரு துளி விரலால் பூசிவிட்டேன். வீடியோ எடுக்கிற ஸ்ரான்லி, "அண்ணைக்கு இண்டைக்குப் பத்து வயசு குறைஞ்சிட்டுது" என்றபோது எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. கன்னிகாதானத்தில் அவருடைய கை நடுங்கியது. மகளைக் கொடுக்கிற நடுக்கம் என்று நினைத்துச் சனம் கண்ணைத் துடைத்தது. எனக்கும் கண்ணீர் வந்தது.

சாரங்கி கூறை மாற்றப் போன இடைவெளியில்தான் மூச்சு மாறியது. நீண்ட ஓய்வு, பிறகு ஒரு இழுப்பு, குழாயில் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தத்தோடு. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நான் போய்ப் பக்கத்தில் இருந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணைக்கு ஏதும் செய்யுதோ அக்கா?" என்றார் ஸ்ரான்லி.

"மகளைக் குடுக்கிற கவலை" என்றேன்.

நின்ற இதயத்தைத் திரும்ப ஓட வைக்கும் பச்சைப் பெட்டி இந்த நாட்டில் மண்டபத்துக்கு மண்டபம் தொங்கும். எங்கள் மண்டபத்தில் அது எனக்குக் கைக்கெட்டிய தூரத்தில், வாழைக்குப் பின்னால் இருந்தது. படத்தில் விழுந்தால் வடிவில்லை என்று காலையில் வாழையை அதற்கு முன்னால் கட்டச் சொன்னதும் நான்தான். என் கைப்பையில் தொலைபேசி இருந்தது. சாரங்கி கூறையோடு வந்து உட்கார்ந்தாள், லவன் தாலிக்கொடியைக் கையில் எடுத்தான், நான் தவில்காரருக்கு விரலைக் காட்டினேன். கெட்டிமேளம் எதற்கு என்று நினைக்கிறீர்கள், ஜோனாஸ்? தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான். எங்கள் முன்னோர் எல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவைச் சாரங்கிதான் உங்களிடம் கொண்டுவந்து தந்தாள் என்கிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை. எல்லோரும் எழும்பி அட்சதை எறிகிற இடத்தில் நானும் அண்ணையும் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், என் உதடு அசைகிறது. மந்திரமா என்று கேட்டீர்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். லவன் தாலிக்கொடியின் திருகாணிச் சுரையைப் பூட்டியபோது அண்ணையின் நெஞ்சு தாழ்ந்தது, பிறகு எழும்பவில்லை. அரிசி அவருடைய மடியிலும் விழுந்தது. என் மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு, களைத்துப்போய் நித்திரை கொள்கிறார், எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் சாப்பிடாமல் போகக்கூடாது அல்லவா. பந்தி முடிந்தபிறகுதான் மலர் தலைவாழை இலையோடு வந்து அவரைத் தொட்டுப் பார்த்தாள். லவன் இன்னும் எனக்கு ஒரு போன் எடுக்கவில்லை. புதுமணத் தம்பதி, அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

சாரங்கி ஒன்றே ஒன்றைக் கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னீர்கள். தாலி கட்டி முடிந்து இரண்டு பேரும் காலில் விழுந்தபோது அப்பா தலையில் கை வைத்தாரே, அப்போது அவருக்கு உயிர் இருந்ததா என்று. இல்லை. அந்தக் கையைத் தூக்கி இருவர் தலையிலும் வைத்தது நான். ஆனால் கவலைப்பட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். கை அப்போதும் சூடாகத்தான் இருந்தது, அந்த ஆசீர்வாதம் செல்லும்.