கப்பல் மூச்சு விடாது

ரசிகர்: ...அதான் சொல்றேன் தம்பி, மூணே நிமிஷம். பேசிட்டுக் கிளம்பிடறேன். அஞ்சு மணிக்கு உங்களுக்கு ரெக்கார்டிங் இருக்குன்னு கீழ சொன்னாங்க.

ஒலிப்பதிவாளர்: அதுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு சார். முதல்ல உக்காருங்க. மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குது உங்களுக்கு.

ரசிகர்: எங்க உக்கார? இதுலயா? இது மைக்குக்கு முன்னாடி இருக்கற ஸ்டூலாச்சே. யாரோ மெத்தை வேற தச்சுப் போட்டிருக்காங்க.

ஒலிப்பதிவாளர்: பரவால்ல, உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ரசிகர்: வேணாம். இந்த இரும்பு நாற்காலி போதும்... நான் யாருன்னே சொல்லலையே. 'தொலைவானம்' தொடருக்கு வாரா வாரம் கடிதம் எழுதுவேன். கீழ பேரு போடாம, 'ஒரு ரசிகர்'னு...

ஒலிப்பதிவாளர்: பச்சை மை.

ரசிகர்: ஆமா. பச்சை மைதான். அதையெல்லாம் படிச்சீங்களா என்ன?

ஒலிப்பதிவாளர்: படிக்காம? பதினஞ்சு கடிதமும் அந்த அலமாரியில இருக்கு. நடிக்கறவங்களுக்கு ஆயிரம் பேர் எழுதுவாங்க சார். டப்பிங் பேசறவங்களுக்கு யாரு எழுதறா? அதுலயும் முகமே இல்லாத ஒரு விண்வெளிக் கப்பலுக்குக் குரல் கொடுத்தவங்களுக்கு...

ரசிகர்: அப்படிச் சொல்லாதீங்க. அந்தத் தொடர்ல ஆள்னா அந்தக் கப்பல் ஒண்ணுதான். எட்டு பேரு கிளம்பிப் போறாங்க, எட்டு பேருக்கும் ஆயிரம் கோபம், ஆயிரம் பொய். கப்பல் மட்டும்தான் யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல.

ஒலிப்பதிவாளர்: ஆனா அந்தக் கப்பலை நீங்க கடிஞ்சீங்களே. முதல் கடிதத்துலயே.

ரசிகர்: நானா?

ஒலிப்பதிவாளர்: எனக்கு மனப்பாடம். 'முதல் எபிசோடு, நாலாவது நிமிஷம், பத்தாவது விநாடி. புறப்படத் தயார் என்று சொல்வதற்கு முன் கப்பல் மூச்சு இழுக்கிறது. கப்பல் மூச்சு விடாது. திருத்திக்கொள்ளவும்.' திருத்திக்கொள்ளவும்னு போட்டு அடியில ரெண்டு கோடு.

ரசிகர்: அது... வேலைப் பழக்கம் தம்பி. பஸ் டிப்போவுல முப்பத்தி நாலு வருஷம் நேரம் எழுதற வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சு, எத்தனை மணிக்கு வெளிய போச்சு. தப்பைக் கண்டா கை சும்மா இருக்காது.

ஒலிப்பதிவாளர்: அந்தக் கடிதம் வந்த நாள்லேர்ந்து எனக்கு வேலை ரெண்டு மடங்கு. அவங்க பேசினதுல ஒவ்வொரு மூச்சா தேடி வெட்டணும். ஒரு எபிசோடுக்கு இருநூறு, இருநூத்தம்பது மூச்சு. 'யாரு தம்பி இந்த ஆளு, காதா பாம்புச் செவியா'ன்னு கப்பலம்மா கேட்டாங்க.

ரசிகர்: கப்பலம்மாவா?

ஒலிப்பதிவாளர்: இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்களும் திரும்பிப் பாப்பாங்க.

ரசிகர்: எனக்கு... அது தெரியாது.

ஒலிப்பதிவாளர்: உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?

ரசிகர்: அதானே. எனக்கு எப்படித் தெரியும்... அந்த டம்ளர்ல இருக்கறது தண்ணியா?

ஒலிப்பதிவாளர்: தண்ணிதான். குடிங்க.

ரசிகர்: ஜில்லுனு இருக்கே. பேசறதுக்கு முன்னாடி ஜில்லுத் தண்ணி குடிச்சா அவளுக்கு... பேசறவங்களுக்கு... தொண்டை கட்டிக்காதா?

ஒலிப்பதிவாளர்: கட்டிக்கும். அம்மா ஃபிளாஸ்க்குல வெந்நீர் கொண்டு வருவாங்க.

ரசிகர்: ம்.

ஒலிப்பதிவாளர்: அவங்க தவறிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?

ரசிகர்: பேப்பர்ல பார்த்தேன்.

ஒலிப்பதிவாளர்: பேப்பர்ல வரலையே சார்.

ரசிகர்: அப்போ யாரோ சொன்னாங்க. எங்க கேட்டேன்னு ஞாபகம் இல்ல. அதை விடுங்க. நான் வந்த விஷயத்துக்கு வரேன். அடுத்த மாசம் மறு ஒளிபரப்புன்னு டிவியில போட்டாங்க. அதுல கப்பலுக்குப் 'புதிய குரலில்'னு ஒரு வரி. அது நிஜமா?

ஒலிப்பதிவாளர்: நிஜம்தான். இன்னிக்கு அஞ்சு மணி ரெக்கார்டிங்கே அதுக்குத்தான். முதல் எபிசோடுலேர்ந்து கப்பல் பேசறதை மட்டும் புதுப் பொண்ணை வச்சு மறுபடி எடுக்கறோம்.

ரசிகர்: பழசு?

ஒலிப்பதிவாளர்: அழிச்சுடுவாங்க. ரெண்டு குரலை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

ரசிகர்: பதினாறு எபிசோடும்?

ஒலிப்பதிவாளர்: பதினாறும். பதினேழுலேர்ந்து இருபது வரைக்கும் அந்தப் பொண்ணுதானே பேசியிருக்கா. பாதியில குரல் மாறிடுச்சுன்னு சேனலுக்கு ஏகப்பட்ட போன். மேலாளர் ஒரே முடிவா சொல்லிட்டாரு, இருபதும் ஒரே குரலா இருக்கணும்னு.

ரசிகர்: அந்தப் பொண்ணைக் குறை சொல்ல வரல நான். நல்லாவே பேசறா. ஆனா... ஆறாவது எபிசோடு பார்த்திருக்கீங்கள்ல?

ஒலிப்பதிவாளர்: நான்தானே சார் பதிவு பண்ணினேன்.

ரசிகர்: டாக்டரம்மாவுக்கு வீட்டுலேர்ந்து ஒரு செய்தி வரும். பதினோரு வருஷம் விண்வெளியில அலைஞ்சு வந்து சேரும். மக சின்னப் பொண்ணா உக்காந்து, பல்லு விழுந்துடுச்சுன்னு காட்டுவா. இந்நேரம் அந்த மக வளர்ந்து பெரிய பொண்ணா ஆயிருப்பா. டாக்டரம்மா அழல. அப்படியே உக்காந்திருப்பா. அப்போ கப்பல், 'மறுபடியும் போடவா?'ன்னு கேக்கும். ரெண்டே வார்த்தை. நான் எந்திரிச்சுப் போய் ஃபேனை நிறுத்திட்டு வந்து உக்காந்தேன். அதை வேற ஆளு சொன்னா, டேப்பை மறுபடி போடவான்னு கேக்கற மாதிரி இருக்கும். அவ... அவங்க சொன்னப்போ, உனக்கு வலிக்குது, நான் என்ன செய்யட்டும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு.

ஒலிப்பதிவாளர்: இதையும் எழுதியிருந்தீங்க. நான்தான் சத்தமா படிச்சுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாங்க. 'முப்பது வருஷமா கூட்டத்துல கத்தறது, குழந்தை மாதிரி அழறது, பக்கத்து வீட்டுக்காரி இதைத்தான் பேசியிருக்கேன். எனக்கு ஒருத்தர் கடிதம் எழுதறார்'னாங்க.

ரசிகர்: அப்படியா சொன்னாங்க?

ஒலிப்பதிவாளர்: ஆமா. அவங்க வீட்டுக்காரரு இந்த வேலையை ரொம்பக் கிண்டல் பண்ணுவாராம். 'முகம் தெரியாத வேலை, ஊருக்கே தெரியாத பேரு'ன்னு.

ரசிகர்: ...கிண்டல் பண்ற ஆளு எல்லாம் மதிக்காத ஆளுன்னு சொல்லிட முடியாது தம்பி. சில பேருக்கு நேருக்கு நேர் நின்னு நல்ல வார்த்தை சொல்ல வராது. வாயைத் திறந்தா வேற ஏதாவது வந்து விழும்.

ஒலிப்பதிவாளர்: இருக்கலாம்.

ரசிகர்: இருக்கலாம் என்ன... இருக்கும். சரி, அதை விடுங்க. நான் சும்மா கெஞ்சிட்டுப் போக வரல. ஒரு வழியோட வந்திருக்கேன். இந்தாங்க நோட்டு.

ஒலிப்பதிவாளர்: என்னது இது?

ரசிகர்: பதினேழாவது எபிசோடு, ரெண்டாவது நிமிஷம். அந்தப் பக்கத்தைப் பாருங்க.

ஒலிப்பதிவாளர்: 'டாக்டர் திடுக்கிடுகிறார்.' இதுல என்ன இருக்கு?

ரசிகர்: இருங்க, சொல்றேன். பதினாறுல என்ன நடக்குது? கப்பலோட மூளை இருக்கற அறையில தீப்பிடிக்குது. கப்பல் 'எல்லாரும் இருக்கீங்களா?'ன்னு ஒரே ஒரு தடவை கேக்குது. அப்புறம் சத்தமே இல்ல. பதினேழுல இஞ்சின்காரன் என்ன பண்றான்? அந்த மூளையை எடுத்து, சின்னப் படகுல இருக்கற மிஷின்ல மாட்டறான்.

ஒலிப்பதிவாளர்: சரி.

ரசிகர்: மிஷின் வேற. அப்போ குரலும் வேறயாத்தானே இருக்கணும்? நினைப்பு அதே நினைப்பு, தொண்டை மட்டும் வேற. அந்தக் குரலை முதல்ல கேக்கறப்போ டாக்டரம்மா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பறா பாருங்க. ஏன் திரும்பறா?

ஒலிப்பதிவாளர்: விளக்கு எரியுது சார் அங்க. திடீர்னு விளக்கு வந்ததும் திரும்பறாங்க.

ரசிகர்: விளக்கு வந்து நாலு விநாடி கழிச்சுத்தான் திரும்பறா. நான் நேரம் பார்த்திருக்கேன். குரலைக் கேட்டுத்தான் திரும்பறா.

ஒலிப்பதிவாளர்: நாலு விநாடியா?

ரசிகர்: போட்டுப் பாருங்க. தொடரை எடுத்தவன் நினைச்சு எடுத்தானோ, நினைக்காம எடுத்தானோ, படத்துல இருக்கு. பதினாறு வரைக்கும் பழைய குரல். பதினேழுல புதுக் குரல். பார்க்கறவங்களுக்குக் கதையே காரணம் சொல்லிடுது. பதினேழு ஆரம்பத்துல இஞ்சின்காரன், 'குரல் மாறியிருக்கு, பரவால்ல, நீ இருக்கே'ன்னு ஒரு வரி பேசிட்டாப் போதும். அவன் முதுகு காட்டித்தானே நிக்கறான், வாயசைப்பு தெரியாது.

ஒலிப்பதிவாளர்: அந்த இடத்தை ஓட விட்டுப் பாக்கறேன்.

ரசிகர்: பாருங்க. முதுகுதானே?

ஒலிப்பதிவாளர்: இருங்க சார்... முதுகுதான் காட்டறான். ஆமா. பதினாறு எபிசோடு மறுபடி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு வரி. இஞ்சின்காரனுக்குப் பேசற பையன் இன்னிக்குக் கீழ மாடியிலதான் இருக்கான்.

ரசிகர்: மேலாளர் ஒத்துப்பாரா?

ஒலிப்பதிவாளர்: மூணு வார வேலை மிச்சம்னா அவர் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறாரு? இருங்க, போன் போடறேன்... ஹலோ. சார், நான்தான். தொலைவானம் விஷயம்... இல்ல, ஆரம்பிக்கல. ஒரு யோசனை... இஞ்சின்காரனுக்கு ஒரு வரி சேர்த்தா, பழைய பதினாறும் அப்படியே போகலாம் சார்... ஆமா, கதையிலயே காரணம் இருக்கு... ஒரு ரசிகர் சொன்னாரு... ஆமா சார், அதே ஆளுதான், பச்சை மை... சரி சார். இன்னிக்கே எடுத்துக் காட்டறேன். வச்சுடறேன்.

ரசிகர்: என்ன சொன்னாரு?

ஒலிப்பதிவாளர்: எடுத்துக் காட்டச் சொன்னாரு. சரியா வந்தா பழசை யாரும் தொடக்கூடாதுன்னாரு. சரியா வரும் சார். நான் வர வைக்கறேன்.

ரசிகர்: அப்போ... சரி. நல்லது தம்பி. கிளம்பறேன்.

ஒலிப்பதிவாளர்: நோட்டை விட்டுட்டுப் போறீங்க.

ரசிகர்: இருக்கட்டும், உங்களுக்குத் தேவைப்படும்... இன்னும் ஒரே ஒரு விஷயம். சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். பதினாறாவது எபிசோடு, முப்பத்தோராவது நிமிஷம். 'எல்லாரும் இருக்கீங்களா'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி... ஒரு மூச்சு இருக்கு.

ஒலிப்பதிவாளர்: இருக்கு.

ரசிகர்: நீங்க வெட்ட மறந்துட்டீங்க. குறையா சொல்லல. மறு ஒளிபரப்புக்கு எல்லாத்தையும் சுத்தம் பண்ணுவீங்கள்ல, அப்போ அதை மட்டும் விட்டுடுங்க. அப்படியே இருக்கட்டும்.

ஒலிப்பதிவாளர்: கப்பல் மூச்சு விடாதுன்னு எழுதினவர் நீங்கதானே சார்?

ரசிகர்: எழுதினேன். பதினஞ்சு வரைக்கும் எழுதினேன். பதினாறு ஓடினப்போ வீட்டுல நான் தனியா உக்காந்திருந்தேன். நோட்டுல நிமிஷத்தைக் குறிச்சேன். அதுக்கப்புறம் கை ஓடல. அந்த மூச்சு எனக்குத் தெரியும் தம்பி. ராத்திரி திரும்பிப் படுக்கறப்போ... இல்ல. ஒண்ணும் இல்ல. ஒரு ரசிகனா கேக்கறேன். விட்டுடுங்க.

ஒலிப்பதிவாளர்: சார், எட்டாவது கடிதம் ஞாபகம் இருக்கா? இஞ்சின்காரன் வெளிய மாட்டிக்கிட்டு நிக்கற எபிசோடு.

ரசிகர்: இருக்கு. 'கதவு மூடப் போகுது, உள்ள வந்துடுப்பா'ன்னு கப்பல் கூப்பிடும். அந்த 'ப்பா'வுல உயிரே இருக்குன்னு எழுதினேன். அதுக்கு என்ன இப்போ?

ஒலிப்பதிவாளர்: அந்த வரி ஒளிபரப்புல இல்ல சார்.

ரசிகர்: இல்லையா?

ஒலிப்பதிவாளர்: நீளமா இருக்குன்னு இங்க வந்தப்புறம்தான் மாத்தினோம். 'கதவு மூடுகிறது', அவ்வளவுதான் போச்சு. அந்தப் பழைய வரி, அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போன தாள்ல மட்டும்தான் இருந்துச்சு. அவங்க அதை அடுப்படியில நின்னு பேசிப் பழகினது மட்டும்தான்.

ரசிகர்: ...அன்னிக்குக் கரன்ட் இல்ல. எபிசோடைப் பார்க்க முடியல. அடுப்படியிலேர்ந்து கேட்டதை வச்சு எழுதிப் போட்டுட்டேன். முப்பத்தி நாலு வருஷத்துல நான் பார்க்காத வண்டியை வந்துச்சுன்னு எழுதினது அந்த ஒரு தடவைதான்... அப்போ உங்களுக்குத் தெரியும்.

ஒலிப்பதிவாளர்: நீங்க படியேறி வந்தப்பவே தெரியும். இந்த ஜன்னல்லேர்ந்து பார்த்தா எதிர்ல பஸ் ஸ்டாப்பு. தினம் அஞ்சே முக்காலுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகக் குடையோட வந்து நிப்பீங்க.

ரசிகர்: அவளுக்கும்...? கடிதம் எழுதறது நான்தான்னு அவளுக்கு...?

ஒலிப்பதிவாளர்: அந்த மூச்சை நான் மறந்து விடல சார். 'இதை மட்டும் வெட்டாதீங்க தம்பி, கப்பல் மூச்சு விடாதுன்னு எழுதினவரு நோட்டும் கையுமா உக்காந்திருப்பாரு, நான் இல்லாட்டியும் நிமிஷம் குறிச்சுக் கண்டுபிடிச்சுடுவாரு, அவருக்கு இது என் பதில்'னு அம்மாதான் சொன்னாங்க.