துவான் வாத்தியாரின் கடிதங்களும் என் வயிற்றெரிச்சலும்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் குய் அம்மா அவர்களே, தெருக்குழுத் தலைவர் அவர்களே, செவிலி ஹௌ அவர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் தங்கை சுன்யிங் அவர்களே, காலையில் மருந்துச் சன்னலில், போதை ஊசியை விடுவதற்குக் கொடுக்கும் மெத்தடோன் கோப்பையைக் குடித்த கையோடு நேரே இங்கே வந்து, சட்டையில் துக்கத்துக்கான வெள்ளைக் காகிதப்பூ குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சன்னல் தோழர்களே, வணக்கம்.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை நானே எழுதினேன். நான் சொல்ல யாரோ எழுதியதில்லை. என் கையால் எழுதியது. வரிகள் மலையேறுகின்றன. சில எழுத்துகள் பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து தூங்குகின்றன. நடுவில் நான் நின்றால் துக்கம் தொண்டையை அடைத்தது என்று நினைக்காதீர்கள். என் எழுத்து எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் இதை வந்து பார்க்கலாம். தொட மட்டும் வேண்டாம்.

என் பெயர் லோங் தெச்சாய். நம்மை விட்டுப் பிரிந்த துவான் யோங்சாங் அவர்களோடு வெள்ளீயச் சுரங்கத்தில் ஒரே குழியில் இறங்கியவன். ஒரே தூசியைத் தின்றோம். பிறகு ஒரே போதை ஊசியைப் பகிர்ந்தோம். ஒரே எச்.ஐ.வி. கிருமி வந்தது. ஒரே சன்னலில் வரிசையில் நின்றோம். இத்தனையும் ஒன்றாக இருந்தும், ஒன்று கேட்கிறேன்: நல்லதெல்லாம் ஏன் அந்த மனிதருக்கே போயிற்று?

இரங்கல் கூட்டத்தில் பொறாமைப்படலாமா என்று முகம் சுளிக்கிறீர்கள். வேறு எங்கே போய்ப் படுவேன்? அவர் உயிரோடு இருந்தபோது தினமும் அவரிடமே சொன்னேன். இப்போது நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கிருமிக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்த புதிதில் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? தலை சுற்றியது. கனவில் சுவர்கள் நடந்தன. எனக்குச் செத்துப்போன என் மாமனார் வந்து கால் பிடித்துவிட்டார். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்காத மனிதர்! துவான் மட்டும் குழந்தை மாதிரி தூங்கி எழுந்து, "கனவா? எனக்கு ஒண்ணும் வரலையே அண்ணே" என்றார். இதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதோடு அவருக்கு ஒரு சுன்யிங் இருந்தாள். காலையில் அரிசி நூடுல்ஸ் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். "முழுங்குறியா, இல்ல கிண்ணத்த எடுத்துட்டுப் போகவா?" அவர் மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் கை விலகும். எனக்கு இருந்தது ஓர் அலாரம் கடிகாரம். அது கத்தும். தலையில் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். சுன்யிங் தலையில் தட்டிப் பார்த்தீர்களா யாராவது? மருத்துவர் அம்மா, மாத்திரையை யார் ஒழுங்காகப் போடுகிறார்கள், யார் விடுகிறார்கள் என்று நீங்கள் வருடந்தோறும் கேள்வித்தாள் கொண்டுவந்து கேட்கிறீர்களே, என்னைக் கேட்டால் முதல் கேள்வியாக இதை வையுங்கள்: உன்னைத் திட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா?

அடுத்தது அந்தப் பட்டம். வாத்தியார்! எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்? சுரங்கத்தில் தள்ளுவண்டி தள்ளியவர். எப்படி வாத்தியார் ஆனார் என்று சொல்கிறேன்.

நம் சன்னல்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தவறி ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டால், அன்று கிருமி மாத்திரையைத் தொட மாட்டோம். இரண்டும் உள்ளே போய்ச் சண்டை போடும் என்று பயம். அது மட்டுமல்ல, மாத்திரைக்குக் கொடுக்கும் மரியாதை என்றும் நினைத்தோம். குடித்துவிட்டு முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவோமா? அது மாதிரி. மறுநாளும் ஊசி, மறுநாளும் மரியாதை. இப்படி மரியாதை கொடுத்தே எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்!

ஒரு நாள் நூடுல்ஸ் கடையில் சின்னத் தாவோ என்ற பையன் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முழுப்பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். துவான் மூங்கில் புகைக்குழாயை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"தாவோ, உன் வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்கு, மாமா."

"திருடன் வர்ற அன்னிக்குப் பாத்து நாய அக்கா வீட்டுக்கு அனுப்பிருவியா?"

"எதுக்கு அனுப்புறேன்?"

"அதத்தானடா பண்ணிக்கிட்டு இருக்க. ஊசி போட்டேன்னு நீ வெக்கப்படு, படாம போ, அது உன் பாடு. மாத்திரைய எதுக்குடா பட்டினி போடுற? டாக்டரம்மாகிட்ட போய்க் கேளு. அன்னிக்கும் போடத்தான் சொல்லுவாங்க."

கடையே சிரித்தது. தாவோ எழுந்து, "சரிங்க வாத்தியாரே" என்று கும்பிட்டான். அன்று ஒட்டிக்கொண்ட பட்டம். மக்களே, அந்த நாய்க்கதையை நான் சொல்லியிருக்கக் கூடாதா? என் வீட்டில்தானே நாய் இருந்தது! அவர் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது!

அதே தாவோ மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் வேறு தொல்லை வந்தது. காலையில் குடித்த கோப்பை மத்தியானம்வரை தாங்கவில்லை. எலும்பு குடைந்தது, மூக்கு ஒழுகியது. "சன்னல்ல தண்ணி கலக்குறாங்க" என்று கத்தினான். செவிலி ஹௌ விடுவாரா? "தண்ணி கலந்தா முதல்ல உன் வாய்லதான் ஊத்துவேன்" என்றார். மாத்திரையையே விட்டுவிடுகிறேன் என்று கிளம்பியவனை, துவான் சட்டைக் காலரைப் பிடித்து மருத்துவர் அம்மாவிடம் இழுத்துப் போனார். மாத்திரை மெத்தடோனின் வலுவைக் குறைக்கிறது, கோப்பையின் அளவை மெல்லக் கூட்டினால் போதும் என்று அம்மா சொன்னார்கள், கூட்டினார்கள். வலி நின்றது. தாவோ யாருக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனான்? அளவைக் கூட்டிய அம்மாவுக்கா? துவானுக்கு!

பிறகு தாவோ மறுபடி ஊசியில் விழுந்தான். போலீசார் பிடித்துக்கொண்டு போய்ப் போதைச் சீர்திருத்த மையத்தில் வைத்தார்கள். அங்கேயும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் தங்கும் அறையில் பத்துக் கண்கள் பார்க்க அதை விழுங்க வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் கழிவறையில் துப்பிக்கொண்டிருந்தான். இதை அவன் அக்கா வந்து சொன்னதும் துவான் கடிதம் எழுத ஆரம்பித்தார். வாரம் ஒன்று. மாத்திரையைப் பற்றிப் பேர் சொல்லி ஒரு வரி இருக்காது; கடிதத்தை அங்கே யார் வேண்டுமானாலும் பிரிப்பார்கள் அல்லவா? சந்தையில் என்ன காளான் வந்தது, ஹௌ யாரைத் திட்டினார், கிழட்டு லோங் மாஜாங் ஆட்டத்தில் எப்படித் தோற்றான். கடைசியில் மட்டும், "விழுங்க வேண்டியதை விழுங்கு, நான் இங்கே விழுங்குகிறேன்" என்று ஒரு வரி. தாவோ விழுங்க ஆரம்பித்தான். பதிலும் எழுதினான். அந்தப் பதில்களைத் துவான் சன்னல் வரிசையில் நின்று உரக்கப் படிப்பார். வரிசையே அழும், சிரிக்கும்.

நான் என்ன செய்வேன்? காகிதத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாத ஆள் நான். நான் மாஜாங்கில் தோற்றதை வைத்து இன்னொருவர் பேர் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எரிச்சலில்தான் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் நடக்கும் எழுத்து வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. துவான் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"என்ன அண்ணே, எனக்குப் போட்டியா?"

"ஆமாடா. போட்டிதான்."

"நல்லது. சீக்கிரம் கத்துக்க. எனக்கு மூச்சு பத்தல."

அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் கல்லாக இறுகியிருந்தது. மக்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்! துவான் யோங்சாங்கைக் கிருமி கொல்லவில்லை. கடைசிப் பரிசோதனைவரை அவர் ரத்தத்தில் கிருமி தட்டுப்படவே இல்லை. கிருமியை ஜெயித்துவிட்டு, மற்றச் சுரங்கத் தொழிலாளிகள் சாவதுபோலச் செத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம்? சாவிலும் என்னை முந்திக்கொண்டார்!

நேற்று தாவோவின் அக்கா மையத்துக்குப் போய்விட்டு வந்தாள். கடிதம் நின்றுவிட்டதால் அவன் மறுபடி துப்புகிறான். அவனுக்கு விஷயம் தெரியாது. சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. "வாத்தியார் மறந்துட்டாரு. அவரே மறந்தப்புறம் நான் எதுக்கு முழுங்கணும்?" என்றானாம்.

கூட்டத்துக்கு முன்னால், அங்கே வெந்நீர்க் குடுவை பக்கத்தில் சுன்யிங் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவரு பேர்லயே நீங்க எழுதுங்க. பையன் வெளிய வர்ற வரைக்கும். கையெழுத்து வித்தியாசம் அவனுக்கா தெரியப்போகுது?"

ஹௌ என் கையிலிருந்த இந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "தெரியும். இது கோழி கிளறுன குப்பை மாதிரி இருக்கு."

நான் மாட்டேன் என்றேன். சுன்யிங், உன் முகம் வாடியதைப் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் காரணம் சொல்கிறேன். முதல் காரணம், பொறாமை. நான் உட்கார்ந்து கை நோக எழுதுவேன், பேர் மறுபடி துவானுக்கா? செத்த பிறகுமா? இரண்டாவது காரணம், ஒரு நாள் தாவோ வெளியே வருவான். நேரே உன் வீட்டுக்குத்தான் ஓடி வருவான். அங்கே படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரியும். இத்தனை நாள் ஒரு பொய்யைக் கேட்டு விழுங்கினோம் என்று அவனுக்குத் தெரியவரும் அந்த நாளில், அவன் எந்தச் சன்னலுக்குப் போவான்? நம் சன்னலுக்கா, ஊசி விற்பவன் சன்னலுக்கா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று சற்று முன் இங்கே எல்லோரும் கை தூக்கினீர்கள். நல்லது. யார் யார் எதைத் தொடர்வது என்று நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். கடிதத்தில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள், அது எனக்கு. முதல் கடிதத்தை எழுதிவிட்டேன். அவன் அக்கா கொண்டுபோகிறாள். படிக்கிறேன்.

"சின்னத் தாவோ, நான் லோங் எழுதுகிறேன். துவான் இறந்துவிட்டார். உன்னை மறக்கவில்லை. கை நடுங்கும்வரை உனக்கு எழுதினார், பிறகு பேனா பிடிக்க முடியவில்லை. மூச்சு நின்றுதான் போனார், வேறு எதனாலும் இல்லை. உனக்குப் புரியும். இதைப் படித்து நீ அழுவாய். அழுதுவிட்டு, விழுங்க வேண்டியதை விழுங்கு. நானும் இங்கே விழுங்குகிறேன். நான் அவர் இல்லை. நாய்க்கதை எல்லாம் எனக்கு வராது. உனக்கு என் கடிதம் பிடிக்காவிட்டால் திட்டி எழுது. திட்ட ஆள் இல்லாமல் நான் ரொம்ப நாள் இருந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும். ஆனால் போடு. துவானுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் எழுதினாய். எனக்கு இரண்டு பக்கம் வேண்டும்."