தீ வாளுக்கு ஒன்பது முத்திரை

இல்லைங்கய்யா, கயித்தை அவுக்காம எப்படிங்க செய்யிறது? தீ வாள் வரணும்னா பத்து விரலும் வேணும். ஒன்பது முத்திரை புடிக்கணும். கையைக் கட்டிப்போட்டுட்டு வித்தை காட்டுன்னா நான் என்ன மூக்காலயா காட்டுவேன்?

ஆங், அப்படி. கால் கட்டு இருக்கட்டும். குராமொச்சி ஐயா தங்கமான மனுஷன்னு எங்க இகா ஊரு நிஞ்சாங்களே சொல்லுவாங்க. நெசமாத்தான். கணவாய்ச் சாவடித் தலைவர்ங்கள்ல, நிஞ்சாவைப் புடிச்சா உதைக்கிறதுக்கு முன்னாடி சோறு போடுறவரு நீங்க ஒருத்தர்தானாம். சோறு இல்லையா? சரி, காதுல விழுந்ததைச் சொன்னேன்.

ஆமாய்யா, நேத்து காலையில உங்க பிரபு கோட்டைக்குள்ள வெறுங்கையில நெருப்பு வாளை வரவழைச்சு, சிறைத் தாழ்ப்பாளை முள்ளங்கி மாதிரி நறுக்குனது நான்தான். எங்க ஊர்க்காரங்க ஏழு பேரையும் தொறந்து விட்டதும் நான்தான். எத்தனை தடவைதான் ஒத்துக்கிறது? அவங்க எங்கன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? இந்தக் கணவாயை விட்டா வழி கிடையாது, மாட்டினா ஏழு தலையும் போயிடும், அது தெரியும். மத்தியான முரசு அடிச்சதும் என் தலை போயிடும், அதுவும் தெரியும். அதுக்குள்ள ஒரு தடவை வாளைப் பாத்துடணும்னு உங்களுக்கு ஆசை. பாத்துக்கோங்க, எனக்கென்ன.

ஆனா ஒண்ணு. கூரையெல்லாம் வைக்கோல். வாள் வந்தா பொறி பறக்கும். தீன்னா காவலைப் போட்டுட்டு ஆளாளுக்கு வாளி தூக்கணும்கிறது உங்க சட்டம்தானே? அப்போ கூப்புடுங்க எல்லாரையும். மேல பாறையில காவல் நிக்கிற ரெண்டு பேரையும்தான். ஏன், அவங்க தூங்குற கூரை மட்டும் எரியாதா?

வந்தாச்சா? தம்பிங்களா, வாளியைக் கீழ வைக்கக் கூடாது. பாருங்கய்யா, இது மொத முத்திரை. இது ரெண்டு... மூணு... யாருப்பா அது இருமினது? போச்சு! திரும்ப மொதல்லேருந்து புடிக்கணும். சிரிக்காதீங்க. எங்க மாமா ஒருத்தரு ஆறாவதுல நிறுத்திட்டாரு, தீ உள்ளுக்குள்ளயே இறங்கி மூணு நாள் கக்கூஸை விட்டு எந்திரிக்கலை.

ஏழு... எட்டு... உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருக்கா? உங்க கை சூடா இருக்கு, அதான். சூரியனைப் பாத்து நிக்கணுமோ என்னமோ. கொஞ்சம் திரும்பிக்கிறேன். எல்லாரும் இந்தப் பக்கமா வந்துடுங்க. ஆமா, பாறைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு.

மொதல்லேருந்து. ஒண்ணு... ரெண்டு...

முரசா? அதுக்குள்ளயா அடிச்சுட்டாங்க?

அப்போ ஏழு பேரையும் அந்தப் பாறை வழியா கணவாயைத் தாண்ட வச்சிருப்பா. அப்பாடா. யாருன்னா, என் சம்சாரம்தான், ஓகின்னு பேரு. வாள் அவளுக்குத்தான் வரும். நான் சமையக்காரன்யா. ஈர விறகுன்னா எனக்கு அடுப்புகூடப் பத்தாது, அவதான் ரெண்டு விரலை நீட்டிப் பத்த வைப்பா.

பயமாத்தான் இருக்கு. ஆனா சிரிப்பும் வருது. போறப்போ அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா, முரசு அடிக்கிற வரைக்கும் வாயை மூடாதேன்னு. கல்யாணமாகி பதினாலு வருஷம்யா. அவ என்னைப் பேசச் சொன்னது நேத்து ஒருநாள்தான்.