மீன் தொட்டிக்கு ஒரு நிலா

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. என் காது மட்டும் எப்போதும்போல முன் சீட்டில் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டது. அங்கே மப்ளர் கட்டிய ஒருவர் பக்கத்திலிருந்த குடைக்காரரிடம் சொன்னார்:

“மீனுக்கு நிலா செய்யணும் மச்சான். நீல எல்.ஈ.டி. வாங்கத்தான் டவுனுக்குப் போறேன்.”

“தோட்டத்து லயத்து வீட்டுல நமக்கே லைட்டு ஒழுங்கா இல்ல. ஒன் மீனுக்கு நிலா கேக்குதா?”

நான் சிரிப்பை மறைக்க இருமினேன். மப்ளர்காரர் சிரிக்கவில்லை.

“மீனுக்குன்னு பிள்ளகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவ அம்மா குவைத்துல வேல முடிஞ்சு கூப்பிடுறப்ப இங்க பிள்ள தூங்கிருது. எல்லாரும் படுக்கிறது ஒரே காம்பரா. லைட்டப் போட்டா முழிச்சிக்கிட்டு, போன்ல அம்மாவப் பாத்துட்டு, விடிய விடிய அழுவுது. தொட்டி பக்கத்துலதான் பிள்ள படுக்கும். மேல மங்கலா நீல வெளிச்சம் இருந்தா முழிக்காது, போன்ல மூஞ்சியும் தெரியும்.”

“போன வாரமே ஒன்னு செஞ்சியே?”

“போன் சார்ஜர் வயர வெட்டி நேரா கொடுத்தேன். பட்டுனு போயிருச்சு.”

“ரெசிஸ்டர் போடாம கொடுத்தா கருகாம என்னா செய்யும்? நானும் கடைக்கு வர்றேன். இருட்டுறதுக்குள்ள கட்டிருவோம்.” குடைக்காரர் மப்ளர்காரர் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு கூப்பிடுவாங்களா?”

“தெனமும்தான் கூப்பிடுறா. போனைப் பிள்ள பக்கம் திருப்பச் சொல்றா. கொஞ்ச நேரம் இருட்டப் பாத்துட்டு வச்சிர்றா.”