கண்டக்டர் வீட்டில் மூன்று நிமிடம்

— அது இல்ல சார், நீங்க தொட்டது ரெண்டாவது ஸ்பீக்கர். முதல்ல லெஃப்ட்ல இருக்கறத மட்டும் ஆன் பண்ணுங்க. பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும்.

— போட்டாச்சு வைஷாலிம்மா. பச்ச லைட்டு எரியுது. இன்னா வெளிச்சம்ன்ற, நம்ம மாமல்லபுரம் லைட் ஹவுஸ்காரன் பாத்தான்னா சாவியக் கடல்ல வீசிட்டு வூட்டுக்குப் போயிடுவான்.

— எள்ளு அளவு லைட்டும்மா. இவரு வாய்க்குள்ள எள்ளு போனா தென்னமரமாத்தான் வெளிய வரும். நீ எதையும் நம்பிடாத.

— பேசறது யாரு சார்?

— என் சம்சாரம், வச்சலா. அவ போன்லதான் உங்கிட்ட பேசினுகீறேன். சத்தமா வெச்சு டேபிள் மேல போட்டுகீது. என் போனுல உங்க கம்பெனி ஆப்பு கீது.

— வணக்கம்மா. சரி சார், லெஃப்ட் ஓகே. இப்ப ரைட்.

— வுட்டாச்சு.

— எத சார் விட்டீங்க?

— நீதானம்மா ரைட்டுன்ன. ஆப்புல ஸ்டார்ட்ட அழுத்திட்டேன்.

— ஐயோ சார், ரைட் சைடு ஸ்பீக்கரை ஆன் பண்ணச் சொல்ல வந்தேன். ஒத்த ஸ்பீக்கரோட டெஸ்ட் ஓட ஆரம்பிச்சிடுச்சு. சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்திடுங்க.

— தப்பு என்னுதில்லம்மா. முப்பத்தோரு வருசம் கண்டக்டர் நானு. ரைட்டுன்னு காதுல வுழுந்தா வண்டி நிக்கக் கூடாது. ரிடையரான மறு மாசம் ஒரு கல்யாணத்துல எவனோ 'சாம்பார் ரைட்டா கீது'ன்னான். எலைய வுட்டு எழுந்து நின்னு டபுள் விசில் குடுத்தேன் பாரு, மண்டபமே நாலடி முன்னால நகுந்துடுச்சு.

— கொஞ்சம் வாய மூடுய்யா. அந்தப் பொண்ணு சொல்றதக் கேளு.

— இப்ப ரெண்டு ஸ்பீக்கரும் ஆன்ல இருக்கா சார்? நல்லது. இனிமே நான் அந்த வார்த்தையே சொல்லல. சோத்துக்கை பக்கம்னே சொல்றேன். இது ரூம் டெஸ்ட். மூணு நிமிஷம். ஸ்பீக்கர் மெதுவா ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். உங்க போன் மைக் அதைக் கேட்டு, சுவர் எங்க, கதவு எங்கன்னு புரிஞ்சுக்கிட்டு, உங்க ஹாலுக்குத் தகுந்த மாதிரி ஸ்பீக்கரைச் சரி பண்ணும். அந்த மூணு நிமிஷம் வேற எந்தச் சத்தமும் வரக் கூடாது. யாரும் பேசக் கூடாது.

— வேற டெஸ்ட்டு எதுனா கீதாம்மா? இவரு தூக்கத்துலயே மூணு நிமிசம் சும்மா கெடக்க மாட்டாரு. நடு ராத்திரில என்ன எழுப்பி 'பூஞ்சேரி எறங்கு'ன்றாரு.

— அம்மா, அந்த டெஸ்ட் பாஸாகலைன்னா ஸ்பீக்கரை நாங்களே திருப்பி எடுத்துப்போம். பத்து நாள்தான் டைம். இன்னிக்குப் பத்தாவது நாள். அஞ்சு மணிக்கு ரிட்டர்ன் வண்டின்னு என் ஸ்க்ரீன்ல காட்டுது. அதை புக் பண்ணினது...

— நான்தான். எனக்கும் இவருக்கும் ஒரு பேச்சும்மா. கம்பெனியே 'இது உங்க வூட்டுக்கு ஒத்துவரும்'ன்னா இருந்துட்டுப் போவட்டும். இல்லன்னா அஞ்சு மணிக்கு வண்டி ஏறிடணும். திருப்போரூர் முருகன் மேல சத்தியம் பண்ணிகீறாரு. ஒரு வாயிக்கே எங்காது தேஞ்சுபோய் கெடக்குது. இன்னும் ரெண்டு வாய் எதுக்கு இந்த வூட்ல?

— சத்தியம் பண்ணது நெசந்தான். அவ கண்டிசன் போட்டா கலெக்டரு கையெழுத்து போட்ட மாரி. ஆனா நீயே சொல்லும்மா, முப்பத்தோரு வருசத்துல ஒரு பாட்ட நான் முழுசா கேட்டதில்ல. பஸ்ல பல்லவி போவும், சரணம் வர்றதுக்குள்ள ஒருத்தன் சில்லற கேப்பான். இன்னொருத்தன் படில தொங்குவான். பத்து நாளு முன்ன செங்கல்பட்டு ஷோரூம்ல இந்தப் பொட்டில நாதஸ்வரம் போட்டு காட்டினாங்க. வாசிக்கிறவரு எச்சி தெறிச்சு என் கன்னம் ஈரமாயிடுச்சு. கைக்குட்டைல தொடச்சுகினேன். பொய்யில்ல.

— சரி சார், நல்லபடியா முடிச்சிடலாம். வெளிச் சத்தம் எதாவது இருக்கா?

— பக்கத்துல ஜெகதீசன் கல் பட்டற. அவங்கிட்ட சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்து நிறுத்திட்டேன். பதினெட்டு உளியும் கை கட்டி உக்காந்துகினுகீது. ஈசிஆர்ல போற பஸ்ஸயும் நிறுத்தியிருப்பேன், இப்ப எல்லாம் சின்னப் பசங்க, என் மூஞ்சி தெரியாது.

— ஃபேனை நிறுத்துங்க. நாற்காலில உக்காந்து, போனை மூக்குக்கு நேரா பிடிங்க. நானும் பேச மாட்டேன். ஆரம்பிங்க சார்.

— சார்? மூணு நிமிஷம் ஆச்சு. பேசலாம்.

— அது மூணு நிமிசமா வைஷாலிம்மா? வருசப் பொறப்பு ரெண்டு தபா வந்துட்டுப் போச்சு. நாக்கு உள்ளயே வீங்கிப்போயி பல்லு வெளிய தள்ளுது. ஆனா ஒத்த வார்த்த பேசல.

— ஃபெயில்னு வந்திருக்கு சார். நடுவுல ஏதோ சத்தம்.

— குக்கரும்மா.

— வச்சலா, மூணரை மணிக்கு எவளாவது குக்கர் வெப்பாளா? சாப்ட தட்டு இன்னும் ஈரம் காயல.

— ராவுக்குக் கொண்டக்கடல ஊறப் போட்டிருந்தேன். ஊறிடுச்சு, வெச்சேன். அது என்னா கேட்டுகினா விசில் அடிக்கும்? நீதான்யா அதுக்கப்புறம் மொணமொணன்னுகினு இருந்த.

— நானா? வைஷாலிம்மா, நீ கேளு. ஒரு விசிலுன்னா வண்டி நிக்கணும். ரெண்டு விசிலுன்னா போவணும். குக்கரு மூணு அடிச்சுது. அதுக்கு எங்க டிப்போ ரூல் புக்லயே அர்த்தம் கெடயாது. நிக்கறதா போறதான்னு தெரியாம நாற்காலில பாதி எழுந்து பாதி உக்காந்தேன். அப்பவும் வாயத் தொறக்கலயே.

— பரவாயில்ல சார். அம்மா, அடுப்பை நிறுத்திட்டீங்களா? மறுபடி ஆரம்பிங்க.

— சார், முடிஞ்சுது. திரும்பவும் ஃபெயில்.

— தட்டு, டம்ளரு, குண்டான், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா உருண்டுச்சும்மா. சமையக்கட்டுல மூணு மாடிக் கட்டடம் இடிஞ்ச சத்தம். ஜெகதீசன் ஆளுங்க டீய கீழ வெச்சுட்டு எட்டிப் பாத்துட்டுப் போறானுங்க.

— பூனம்மா. மீன் கொழம்பு வாசனைக்கு வந்து தட்டுக் கூடைய தள்ளிட்டுப் போச்சு.

— பூன வாசப்படில தூங்கினு கீது வச்சலா. மூணு நிமிசமா நான் அதத்தான் பாத்துகினு உக்காந்திருந்தேன்.

— இது வேற பூன.

— சார், நாலு ஆகப் போகுது. இன்னொரு தடவை பாத்துடலாம். இந்தத் தடவை அம்மாவும் ஹால்லயே உக்காந்துக்கட்டும்.

— அடுப்புல வேல கீதும்மா. நான் சத்தமே போட மாட்டேன். நீங்க பாருங்க.

— ஆரம்பிச்சுட்டேன்.

— சார், மூணு நிமிஷம் முடிஞ்சுது. இந்தத் தடவை நிறைய சத்தம்.

— தும்மலும்மா. ஒம்போது தும்மல். பாதி டெஸ்ட்டுல காஞ்ச மொளகாய வறுக்கறா. வூடு பூரா நெடி. ஒம்போதாவது தும்மலுக்கு, பட்டறைல பாதி செதுக்கின நந்தி ஒண்ணு கீது, அது தலயத் திருப்பி யாருன்னு பாத்துச்சு.

— நாளைக்கு மொளகாப்பொடி அரைக்கணும். வறுக்காம எப்டி அரைக்கறது? சத்தம் போட மாட்டேன்னேன், போடல. தும்மினது நீ. கொஞ்சம் வாய மூடிகினு இருந்திருந்தா தும்மலும் வந்திருக்காது.

— சார், லைன்ல இருக்கீங்களா?

— கீறேன்.

— இன்னொரு தடவை...

— வேணாம்மா. போவட்டும். அட்டப்பொட்டி பரண் மேல கீது, எடுத்து வெச்சுடறேன். வண்டிக்காரன் வந்தா காக்க வெக்கக் கூடாது.

— இன்னும் நேரம் இருக்கு சார்.

— சத்தியம் சத்தியந்தான. எனக்குக் குடுப்பின இல்ல. அவ்ளதான்.

— சார், நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? நீங்க பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வாங்க. நீங்க உக்கார்ற நாற்காலில அம்மா உக்காந்து போனைப் பிடிக்கட்டும். யார் பிடிச்சாலும் டெஸ்ட் ஒண்ணுதான்.

— அவளா? சரி, உம் பேச்சுக்காகப் போறேன். வச்சலா, இந்தா போனு. நான் பட்டறைல உக்காந்துகீறேன்.

— ஐயா வெளிய போயிட்டாரா அம்மா?

— போயிட்டாரு. செருப்பக் கூட மாத்திப் போட்டுகினு போறாரு. எடக்கால்ல என் செருப்பு.

— அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மூணு டெஸ்ட்டோட பதிவும் என் ஸ்க்ரீன்ல இருக்கு. ஐயாவோட குரல் ஒண்ணுலயும் இல்ல. தும்மல் ஒண்ணுதான் அவரோடது. குக்கர், தட்டு, மிளகாய், மூணும் சரியா ஒண்ணரை நிமிஷத்துல வருது. கடிகாரத்தைப் பாத்து செஞ்ச மாதிரி.

— இரும்மா, அடுப்ப அணச்சுட்டு வர்றேன்.

— அம்மா?

— கீறேன் கீறேன். 'போவட்டும்'ன்னாரே, அத எம்மாம் மெதுவா சொன்னாரு பாத்தியா. தென்னமரம் உயரத்துக்கு எதுவும் சொல்லல. ஒரு நந்தி கூட வர்ல.

— ஆமாம்மா. கவனிச்சேன்.

— அந்த ஸ்டார்ட்டு பட்டன் எங்க கீது, சொல்லு.

— நடுவுல பச்சை வட்டம். அடுப்பு?

— அணச்சாச்சு. பூனயும் தூங்குது. ரெண்டு பூனயும்.

— அழுத்துங்க.

— பாஸ் அம்மா. மூணு நிமிஷமும் சுத்தமா வந்திருக்கு. உங்க ஹாலுக்கு நல்லா ஒத்துவருதுன்னு காட்டுது. ரிட்டர்ன் வண்டியை கேன்சல் பண்ணிடட்டுமா?

— பண்ணிடு. ஆசப்பட்டு வாங்கினாரு. ஆனா ஒண்ணு கேப்பேன், அத அவருகிட்ட சொல்லக் கூடாது.

— சொல்லுங்கம்மா.

— பாட்டு ஓடிகினே இருக்கும்போது பொட்டி தானா நின்னுடற மாரி எதுனா வெக்க முடியுமா?

— முடியும். ஆப்ல டைமர் இருக்கு. எவ்வளவு நேரம் வைக்கட்டும்?

— அரமணி. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் எத அழுத்தினாலும் பாடக் கூடாது.

— அப்படியும் வைக்கலாம். நான் சொல்றபடி ஆப்ல அழுத்துங்க. மேல மூணு கோடு... அதுல கடிகாரம் படம்... முப்பதுன்னு போடுங்க. கீழ நூத்தி இருபது. அவ்வளவுதான். ஆனா பாட்டு நின்னுபோச்சுன்னு ஐயா எங்களுக்கு போன் பண்ணுவாரே?

— பண்ண மாட்டாரு. புதுப் பொட்டி, அரமணிக்கு மேல மூச்சு வாங்கும், தண்ணி குடிக்கற நேரம்ன்னு கம்பெனில சொன்னாங்கன்னு சொல்லிடறேன். மறுநாள் அவரே பட்டறைல போய் இது எம்மாம் தண்ணி குடிக்குதுன்னு கணக்கு சொல்லிகினு இருப்பாரு.

— சிரிப்பு வருது அம்மா. ஆனா எனக்குப் புரியல. அவர் ரொம்ப பேசறாருன்னுதானே இவ்வளவு நேரமா சொல்றீங்க? நாள் முழுக்க பாட்டு ஓடினா அவர் பேசாம கேட்டுக்கிட்டு இருப்பார். உங்களுக்கு நிம்மதிதானே?

— நானும் அப்டி நெனச்சுதான்மா அவரு கூட கடைக்குப் போனேன். அங்க நாதஸ்வரம் போட்டானா, கண்ண மூடினாரு. நாப்பது நிமிசம். எச்சி தெறிச்சுதுன்றது எல்லாம் வூட்டுக்கு வந்து கட்டின கத. அங்க ஒரு வார்த்த இல்ல. நான் பேரு சொல்லிக் கூப்புட்டேன், திரும்பல. ரெண்டு தபா தோள் மேல கை வெச்சுப் பாத்தேன்.

— அவ்வளவு ரசிச்சு கேட்டிருக்கார்மா. நல்லதுதானே.

— நல்லதுதான். பொண்ணு பவானிய செய்யூர்ல கட்டிக் குடுத்தாச்சு. வூட்ல மிச்சம் ரெண்டே பேரு. இவரும் வாய மூடிட்டா, 'கொஞ்சம் வாய மூடுய்யா'ன்னு நான் யாரப் பாத்தும்மா சொல்றது?