கடல் கடந்து போன பூண்டிப் பேச்சு

ஆசிரியர் மன்றத் தலைவர் சுவாமிநாதன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மூத்த சகோதரர் சேனாதிபதி அவர்களே, இந்தப் பனியிலும் பக்கத்து ஊர் கவுஞ்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியத் தோழர்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நிற்கும் பூண்டித் தாய்மார்களே!

பூண்டிப் பள்ளியின் தலைமையாசிரியன் ஞானவேல் பேசுகிறேன். இந்தப் பள்ளியில் எத்தனையோ முறை இந்த மேசைக்குப் பின்னால் நின்று உங்களை வரவேற்றிருக்கிறேன். இன்று வரவேற்க நிற்கவில்லை. நம் சண்முகவள்ளி டீச்சர் போய்விட்டார். மார்கழி முடிவதற்குள், அவர் காத்திருந்த தைப்பூசம் வருவதற்குள், போய்விட்டார்.

யார் அந்த அம்மையார்? பழனி அடிவாரத்தில் அபிஷேகச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இந்த மலைக்கு ஆசிரியையாக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். பூண்டு அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால், வயலுக்கே போய் வரப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வைத்தவர். இவை உங்களுக்குத் தெரியும். அவர் கடல் கடந்து போனதும் தெரியும். போன இடத்தில் என்ன செய்தார் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நம் மன்றத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. மொரீஷியஸ் தீவில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். நம் பக்கத்திலிருந்து கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். முருகனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாயில் தமிழ் இல்லை. ஒரு தமிழாசிரியர் வேண்டும்; சம்பளம் தர முடியாது, சோறும் கூரையும் தருவோம் என்று கேட்டிருந்தார்கள். படித்தோம். பரிதாபப்பட்டோம். எழுந்து நின்று "நான் போறேங்க" என்று சொன்னவர் சண்முகவள்ளி அம்மையார் ஒருவர்தான்.

எளிதாகவா விட்டார்கள்? கல்யாணமாகாத பெண் தனியாகக் கப்பலேறுவதா என்று பழனியே பேசியது. இங்கே அமர்ந்திருக்கும் அண்ணனும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் அனுமதித்ததால்தான் இதைச் சொல்கிறேன். புறப்படும் நாளில், யாரும் எதிர்பாராமல், கொடை ரோடு ஸ்டேஷனுக்கு அவரே வந்து நின்றார். கையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். "எத்தனை நாளானாலும் இது கெடாது. சாமி பேரைச் சொல்லி எல்லாத்துக்கும் கொடு" என்றார். தங்கை அழுதுகொண்டே ரயிலேறினார்.

அந்த டப்பாவைத் தீவில் திறந்தபோது ஊரே வரிசையில் நின்றதாம். ஆளுக்கு ஒரு விரல் நுனி. ஒரு கிழவர் வாயில் வைத்துவிட்டு, நெடுநேரம் விழுங்காமலே நின்றாராம்.

பாடம் தொடங்கியது. கையோடு கொண்டுபோன இலக்கணப் புத்தகத்தைப் பிரித்து, எழுவாய் பயனிலை என்று நடத்தினார். பிள்ளைகள் அழகாக ஒப்பித்தார்கள். மணி அடித்ததும் வாசலுக்குப் போய்த் தங்கள் கிரியோல் மொழியிலேயே பேசி விளையாடினார்கள். சில மாதம் இப்படியே போனது. ஒருநாள் அம்மையார் புத்தகத்தை மூடி வைத்தார். அன்று முதல் வகுப்பில் நம் பூண்டியில் பேசுவது போலவே பேசத் தொடங்கினார். அடுப்படியில், தண்ணீர்க் குழாயடியில், கரும்பு வெட்டிக் களைத்து வரும் பெண்களோடு, எல்லா இடத்திலும் அதே பேச்சு.

அவரை அழைத்திருந்த அந்த ஊர்ச் சங்கத்துப் பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல தமிழ் சொல்லித்தரத்தானே அழைத்தோம், நாட்டுப்புறப் பேச்சையா கற்றுக்கொடுப்பது என்று வருத்தப்பட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. அம்மையார் பணிவாகத்தான் பதில் சொன்னார்.

"புத்தகத் தமிழு பெறகு வரட்டுங்கய்யா. மொதல்ல பசிச்சாச் சோறு கேக்குற தமிழு வரட்டும்."

கொடுக்க மட்டுமா போனார்? வாங்கிக்கொண்டும் வந்தார். தைப்பூசத்தன்று, பழனிக்காரி நம்மோடு இருக்கும்போது முதல் காவடியை அவர்தான் தூக்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மையார் தவித்துப் போனார். திரும்பி வந்தபின் என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "எங்க வீட்டுல யாரு காவடி எடுத்தா? தைப்பூசத்தன்னைக்குக் கல்லாவுல உக்காந்து நெய்யும் கல்கண்டும் நிறுக்கவே சோலி சரியாப் போகும்." ஆமாம், பழனியில் பிறந்தவர் தம் முதல் காவடியை ஆப்பிரிக்கக் கடலோரத்தில்தான் எடுத்தார். எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் தமிழ் தெரியாத தமிழர்கள்.

பள்ளியில் எடுத்திருந்த விடுப்பு முடிந்தது. நீட்டித்துக் கேட்டார், கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். வந்தவர் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டுக்கு ஒருவர் போனால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து கேட்டார். நாம் கைதட்டினோம். கைதட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனோம். ஒருவருக்குப் பெண் கல்யாணம், ஒருவருக்குப் பெற்றோர் தள்ளாமை, ஒருவருக்குக் கடல் பயம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான், தோழர்களே. ஆனாலும் ஒருவர்கூடப் போகவில்லை என்பதும் உண்மைதான்.

ஆள் போகாததோடு அவருக்குள் ஒரு சந்தேகமும் வளர்ந்தது. பாதியில் விட்டுவிட்டு வந்த பேச்சு அங்கே நிலைத்திருக்குமா? பெரியவர் சொன்னதுபோல, உருப்படாத ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டோமா? சென்ற மாதம் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில், நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கப் படுத்திருந்தபோதும் அதைத்தான் கேட்டார்.

அப்போது ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அவரிடம் படித்த ஒரு பெண் கப்பலேறிவிட்டார், பெயர் அஞ்சலை. பகலில் கரும்புக் காட்டு வேலைக்குப் போய், மாலையில் வகுப்புக்கு வந்தவர். டீச்சரோடு பழனிக்கு நடந்து போய்த் தைப்பூசம் பார்க்க வேண்டும் என்று புறப்பட்டிருந்தார். அந்தப் பெண் குளிர் தாங்கமாட்டாளே என்று, படுத்த படுக்கையிலிருந்தே அம்மையார் என்னிடம் சொல்லிக் கம்பளி வாங்க வைத்தார். "புள்ளைய பஸ்ஸுல கொண்டு போயிறாதீங்க சார். நடந்தாத்தான் மலை தெரியும்" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

பம்பாயில் கப்பல் தாமதமாகிவிட்டது. அஞ்சலை வத்தலக்குண்டு வந்து இறங்கியபோது, இங்கே நாம் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டிருந்தோம்.

அங்கே நடந்ததைக் கண்டக்டர் மலைச்சாமி என்னிடம் சொன்னார். பெட்டியோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறி, "பூண்டிக்கு வெரசாப் போகணுங்க. வெள்ளனே வண்டி இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். மலைச்சாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டைக் கிழித்துக்கொண்டே, "கொடைக்கானல்ல எறங்கி லாரி பிடி தாயி. நீ கவுஞ்சிக்காரப் புள்ளையா?" என்று கேட்டாராம்.

சபையோரே, தீவில் பிறந்த பெண்! இந்த மலையை அதற்குமுன் கண்ணால் காணாத பெண்! நாள்தோறும் நம்மை ஏற்றி இறக்கும் கண்டக்டருக்கு அவர் கவுஞ்சிக்காரியாகத் தெரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மையார் கேட்ட கேள்விக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா? விடை வந்துவிட்டது. கேட்டவர்தான் இல்லை. இந்த ஒன்றை அவர் காதால் கேட்டிருந்தால்! ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் முன்னால் அந்தக் கப்பல் வந்திருந்தால்! இதை நினைக்கும்போது என் நெஞ்சு ஆறவில்லை. எப்போதும் ஆறப்போவதில்லை.

இனி நாம் செய்யக்கூடியது என்ன? அஞ்சலையைத் தம் வீட்டில் தங்கவைத்துக்கொள்வதாகச் சேனாதிபதி அவர்கள் சொல்லிவிட்டார். தைப்பூசத்துக்கு நாங்கள் சிலர் அவரோடு நடந்தே மலையிறங்குகிறோம். அவர் திரும்பும்போது கவுஞ்சிப் பள்ளியின் வேலுத்தாய் டீச்சர் உடன் போகிறார். நேற்றுத்தான் பெயர் கொடுத்தார். அவருக்குப் பின் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேட்பேன். ஒருவர் எழுந்து நிற்கும்வரை கூட்டத்தைக் கலைக்கமாட்டேன். இது இந்த மன்றத்தின் சார்பில் நான் கொடுக்கும் வாக்கு.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொடைக்கானல் பஸ் நிலையத்தில் அஞ்சலையை எதிர்கொண்டு, டீச்சர் இறந்த செய்தியைச் சொன்னவன் நான்தான். அவர் அழவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நான் இனி யாருகிட்டப் பேசுறதுங்க?"

அதற்கு நாம் இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். வழக்கப்படி இப்போது நாம் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று அந்த மௌனம் வேண்டாம். பின்வரிசையில், அந்தக் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறார் அஞ்சலை.

வா தாயி. இப்படி முன்னால வந்து நில்லு. நாங்க எல்லாரும் கேக்குறோம். பேசு.